மாசிப் பறுவத்துக்கு நிலவு கிரகணத்தோட எழும்புதாம்: மல்லாவிப் பக்கம் எங்க நிண்டு பாக்கலாம்?

காட்டுக்கரைப் பிள்ளை (மல்லாவி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வாற 2026 மார்ச் 3ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலவு எழும்பேக்கையே கிரகணத்தோட எழும்பும் எண்டு மகன்ர பள்ளிக்கூடத்தில ரீச்சர் சொல்லி விட்டிருக்கிறா. அவன் ஆறாம் வகுப்பு. அண்டையிலயிருந்து சோறு தின்னேக்கையும் இதே கதைதான். போன செப்டம்பர் 7 கிரகணம் இராத்திரி 11 மணிக்குப் பிறகுதான் முழுசா மூடினது, ஆள் நல்ல நித்திரை, நான் எழுப்பேல்லை. அந்தக் கோவம் இன்னும் ஆறேல்லை.

பிரச்சினை என்னெண்டா, எங்கட வளவுக்குக் கிழக்கால வேலியோட ரெண்டு பாலை, அங்கால முழுக்கக் காடு. வழமையான பறுவத்துக்கே நிலவு மரத்துக்கு மேல வர ஏழு மணியாகும். முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகச் சொல்லிச் சிலர் சொல்லினம். இவர் கொழும்பில வேலை. நானும் மகனும் அம்மாவும், ஓட்டோ பிடிச்சு அவ்வளவு தூரம் போய் இருட்டுக்க திரும்பி வாறது சரிவருமோ?

இன்னொண்டு. கலண்டரில போயா 2ஆம் திகதி, திங்கட்கிழமை எண்டு கிடக்கு. கிரகணம் 3ஆம் திகதி எண்டால் எது பறுவம்?

தங்கச்சியும் எங்களோடதான் நிக்கிறாள், ஏழு மாதம். அண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணியும் குடுக்கேலாது, அறைக்க இருக்கவேணும் எண்டு அம்மா இப்பவே சட்டம் போட்டிட்டா. அதுக்கும் ஆராவது ஒரு மறுமொழி சொன்னால் புண்ணியம்.

அலைகரையான் (முல்லைத்தீவு):

தங்கச்சி, முதல்ல நேரத்தைச் சொல்லுறன்.

பூமியின்ர கருநிழல் நிலவில விழத் தொடங்கிறது பின்னேரம் 3.20க்கு. முழுசா மூடியிருக்கிறது 4.34இல இருந்து 5.33 மட்டும். அந்த நேரம் எங்கட நிலவு அடிவானத்துக்குக் கீழ. அந்தச் சிவப்பெல்லாம் யப்பான், அவுஸ்திரேலியாப் பக்கம் இருக்கிறவைக்கு. எங்களுக்கு அது தலை காட்டுறது 6.17, 6.18 அளவில. மல்லாவியில ஒண்டு ரெண்டு நிமிசம் பிந்தும். 6.47க்கு நிழல் விட்டிடும். அதுக்குப் பிறகும் மெல்லிசா ஒரு புறநிழல் கிடக்கும்தான், ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆக மொத்தம் உங்களுக்குக் கிடைக்கிறது அரை மணித்தியாலம்.

இதில கணக்கொண்டு இருக்கு, அதை விளங்கிக்கொண்டால் எங்க நிக்கவேணும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட பக்கம் நிலவு கிட்டத்தட்ட நிமிர்ந்துதான் ஏறும், நாலு நிமிசத்துக்கு ஒரு பாகை. கையை நேர நீட்டி மூண்டு விரலைச் சேத்துப் பிடிச்சால் அந்த அகலம் அஞ்சு பாகை வரும். மூண்டு விரல் உயரத்துக்கு மரம் மறைச்சாலே 20 நிமிசம் போச்சு. பொத்தின கை அளவு மறைச்சால் பத்துப் பாகை, 40 நிமிசம். அப்ப உங்கட வளவில நிண்டு பாத்தால், பாலைக்கு மேல வாறது கிரகணமே இல்லாத, முழு வெள்ளை நிலவு. கமரா, தூரக்கண்ணாடி எண்டு ஒண்டும் தேடித் திரிய வேண்டாம். கிழக்கு அடிவானம் துப்பரவாக் கிடக்கிற இடம் ஒண்டு கிடைச்சாக் காணும்.

அந்த இடம் உங்களுக்குப் பக்கத்திலயே இருக்கு. வவுனிக்குளம். பாலியாறு மேற்குக் கடலுக்கு ஓடுற ஆறு, அதை மறிச்சுத்தான் கட்டுப் போட்டது, அதால கட்டில நிண்டு தண்ணிப் பக்கம் பாத்தால் கிழக்குப் பக்கம்தான் வரும். மாரி பெய்ஞ்சு முடிஞ்ச குளம், தண்ணி அகலமா நிக்கும், அக்கரைக் காடு தூரத்தில தாழ்வாத் தெரியும். முதல் நாளே ஒருக்காப் போய், போனில திசைகாட்டியைத் திறந்து பாருங்கோ. நிலவு வாறது நேர் கிழக்கில இல்லை, அதில இருந்து இடக்கைப் பக்கம் ஒரு நாலு விரல் அகலம் தள்ளி. அந்த இடத்தில அக்கரை மரம் ரெண்டு விரலுக்குள்ள நிக்குதோ எண்டு அளந்துகொள்ளுங்கோ. நிண்டால் முல்லைத்தீவுக்கு வாற அலைச்சல் மிச்சம். மாங்குளத்திலயிருந்தே இஞ்ச 50 கிலோமீற்றர் வரும், ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டினால் ஆனை. ஓட்டோவில அம்மாவையும் ஏத்திக்கொண்டு அந்தப் பயணம் வேண்டாம். குளத்தில முதலை இருக்கும், பொடியனைத் தண்ணிக்க கால் வைக்க விடாதேங்கோ, அவ்வளவுதான்.

என்ன தெரியும் எண்டும் சொல்லிவிடுறன், இல்லாட்டிப் பிள்ளை ஏமாந்து போகும். வட்ஸ்அப்பில வீட்டுக்கூரை உயரத்துக்கு இரத்தச் சிவப்பு நிலவுப் படம் ஓடித்திரியுது. அந்தப் படம் போடுற ஆக்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். நிலவு அரைப் பாகைதான். கை நீட்டிச் சின்னிவிரல் நகத்தைப் பிடிச்சால் முழுசா மறைஞ்சிடும், அடிவானத்தில நிக்கேக்கையும் உச்சியில நிக்கேக்கையும் அதேதான். கீழ நிக்கேக்க பெரிசாத் தெரியிறது எங்கட மூளை செய்யிற வேலை. உண்மையில கீழ நிக்கிற நிலவு உச்சி நிலவை விட எங்களுக்குக் கொஞ்சம் தூரம். பொடியனுக்கு இதை நகத்தால அளந்து காட்டுங்கோ, ரீச்சருக்குப் போய்ச் சொல்லுவான்.

அண்டைக்கு வாற நிலவில மேல, இடப்பக்கமா ஒரு துண்டு இல்லாமல் இருக்கும். அரைவாசிக்குக் குறைவு. நேரம் போகப் போக அந்தத் துண்டு சின்னனாகி மேல் விளிம்பால கழண்டு போகும். அது எழும்புற நேரம்தான் முதுகுப் பக்கம் சூரியனும் போகுது, அதால வானம் நல்ல வெளிச்சமா இருக்கும். 6.17 ஆச்சு, ஒண்டையும் காணேல்லை எண்டு எழும்பிப் போயிடாதேங்கோ.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், 2018 சனவரி 31. தைப்பூச நாள். கோயிலுகளில பூசையை வேளைக்கே முடிச்சு நடையைச் சாத்தினாப் பிறகு சனம் நேர கடற்கரைக்குத்தான் வந்தது. நான் வாடியடியில என்ஜின் ஒண்டைக் கழட்டிப் போட்டு பிளக்கைச் சுரண்டிக்கொண்டு இருந்தனான். நிலவு 6.08 போல எழும்பவேணும். ஆறேகால் ஆச்சு, ஆறரையும் ஆச்சு. கடல் துடைச்சு விட்ட மாதிரிக் கிடக்கு, முகில் ஒரு பொட்டும் இல்லை, நிலவும் இல்லை. 'பஞ்சாங்கம் பிழை', 'அது நாளைக்கு' எண்டு ஆளாளுக்குக் கதை. ஐஸ்கிறீம் வான்காரன் மட்டும் உழைச்சான். அரைவாசிச் சனம் வீட்டுக்குப் போட்டுது.

நடந்தது என்னெண்டா, அண்டைக்கு நிலவு எழும்பேக்கையே மேல் விளிம்பில ஒரு கீறு வெளிச்சம்தான் மிச்சம். 6.21க்கு அதுவும் போய் முழுக் கிரகணம். வெளிச்ச வானத்தில அந்த மங்கல் நிலவை எந்தக் கண்ணாலயும் பிடிக்கேலாது. எல்லாரும் கடலும் வானமும் முட்டுற கோட்டையே பாத்துக்கொண்டு நிண்டவை, நிலவு அதைத் தாண்டி எப்பவோ மேல ஏறியிட்டுது. ஆறே முக்காலுக்குக் கிட்ட என்ர மச்சான்தான் கண்டவர். பொத்தின கை உயரத்தில, கருக்கின மண்சட்டியின்ர அடி நிறத்தில ஒரு வட்டம். ஒருக்காக் கண்டாப் பிறகு கண்ணை எடுக்கேலாது. இருட்ட இருட்டச் செம்பு நிறம் ஏறிக்கொண்டே வந்துது. 7.37க்குத்தான் கீழ் விளிம்பில வெள்ளை ஒழுகத் தொடங்கினது. என்ஜின் அடுத்த நாள் மட்டும் கழட்டினபடியே கிடந்தது.

இந்தமுறை அவ்வளவு மோசமில்லை, வெளிச்சப் பக்கம் பெரிசு. எண்டாலும் அடிவானப் புகாருக்க இருந்து வெளியில வர 6.25 ஆகும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

போயாக் கதை: பூரணைத் திதி 2ஆம் திகதி பின்னேரம் ஆறு மணிக்குக் கிட்டத் தொடங்கி, 3ஆம் திகதி அஞ்சு மணி தாண்டினவுடன முடியுது. அரசாங்கக் கலண்டர் 2ஆம் திகதியை எடுத்திருக்கு. வானத்துக் கணக்கில முழு நிலவு 3ஆம் திகதி 5.08க்கு. கிரகணம் அந்தக் கணத்தை ஒட்டித்தான் வரும். ரெண்டும் பிழையில்லை.

வெள்ளைச்சீலை அக்கா (புதுக்குடியிருப்பு):

நான் மிட்வைவ் வேலை செய்யிற ஆள், அதால தங்கச்சியின்ர விசயத்துக்கு மட்டும் மறுமொழி சொல்லுறன்.

கிரகணத்தால வயித்துப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. உதடு பிளக்கும், மச்சம் விழும் எண்டு சொல்லுறதுக்கு ஆதாரம் ஒண்டும் கிடையாது. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால பாக்கலாம், சூரிய கிரகணம் மாதிரிக் கண்ணுக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் ஏழு மாதக்காரியை மத்தியானத்தில இருந்து இரவு மட்டும் தண்ணி வெந்நி இல்லாமல், மார்ச் மாத வெக்கையில, பூட்டின அறைக்க வைக்கிறது கெடுதல்தான். தலை சுத்தும், மூத்திரம் கடுக்கும், சிலருக்கு வயிறு இறுகி நோக்காடு மாதிரி வரும். பேந்து எங்களுக்குத்தான் போன் வரும்.

அம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ. எங்கட அம்மாவும் இப்பிடித்தான், கிரகணம் எண்டால் தண்ணிக்குடத்துக்கை தருப்பை போடாமல் இருக்கமாட்டா. நான் சொல்லுறது இவ்வளவுதான்: தருப்பையைப் போடுங்கோ அம்மா, போட்டிட்டு அந்தத் தண்ணியைக் குடுங்கோ. தங்கச்சிக்கு விருப்பமில்லையெண்டால் வெளியில வராமல் வீட்டிலயே இருக்கட்டும், அதில பிழை இல்லை. சாப்பாட்டை மட்டும் மறிக்கவேண்டாம். குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் ஓட்டோக்காரனைக் கிடங்கு பாத்து ஓடச் சொல்லுங்கோ. கிரகணத்தை விட எனக்கு அந்த றோட்டைத்தான் பயம்.

பரந்தன் படப்பெட்டி:

நானும் ஒண்டு சேக்கிறன். அலைகரையான் அண்ணை கடல், குளம் எண்டு சொல்லுறார், வயல்வெளியும் நல்ல இடம்தான். ஆனால் இப்ப காலபோக வெட்டு முடியிற நேரம். வைக்கல் கொளுத்தினாங்கள் எண்டால் பின்னேரம் காத்து விழ அந்தப் புகை அப்பிடியே அடிவானத்தில படுத்திடும். போன கிழமை பரந்தன் பக்கம் சூரியன் மறையிறதே தெரியேல்லை. வயலுக்குப் போறவை முதல் நாள் பின்னேரம் புகையைப் பாத்து இடத்தை முடிவெடுங்கோ.

படம் எடுக்கிறவைக்கு: போனில சும்மா அமத்தினால் படத்தின்ர அகலத்தில நூறில ஒரு பங்குக்கும் குறைவா ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் விழும். நிலவில விரலை வைச்சு அமத்திப் பிடிச்சு, வெளிச்சத்தை நல்லாக் குறையுங்கோ. குறைக்காட்டி நிழல் விழுந்த துண்டே தெரியாது. பெரிசாக் காட்டோணும் எண்டால் பக்கத்தில ஒரு பொருள் வேணும், அதில இருந்து நீங்கள் தூரமா நிக்கவும் வேணும். ஒரு கிலோமீற்றர் தள்ளி நிண்டு சூம் பண்ணினால் நிலவு 9 மீற்றர் உயரப் பொருளுக்குச் சமன். 500 மீற்றர் எண்டால் நாலரை மீற்றர். ஒரு வடலியோ, கோயில் மணிக்கோபுரமோ பிடிச்சால் வட்ஸ்அப் படம் தோத்துப் போகும். அண்ணைக்கும் கோவம் வராது.

கன பேர் இதை 'சூப்பர் மூன்' எண்டும் எழுதுறாங்கள். இது அது இல்லை. இந்த வருசம் கிட்டடி நிலவு டிசம்பர் 24இல வருது, ஆனால் மார்கழி முகிலை நம்பி நான் ஒரு திட்டமும் போடமாட்டன். மே மாதம் ரெண்டு பறுவம் விழுகுது, 1ஆம் திகதியும் 31ஆம் திகதியும். அந்த ரெண்டாவதைத்தான் 'புளூ மூன்' எண்டு பேப்பரெல்லாம் எழுதப் போகுது. நீலமா ஒண்டும் இராது, இப்பவே சொல்லிப் போட்டன். அதோட அது தூரத்து நிலவு, வழமையை விடக் கொஞ்சம் சின்னன்.

களவெட்டிக் கிழவன் (ஒட்டுசுட்டான்):

உங்கட கதையெல்லாம் வாசிச்சன் பிள்ளையள். நிலவு பாக்க இடம் தேடுற காலமும் வந்திட்டுது.

90ஆம் ஆண்டுக்குப் பிறகு வன்னிக்குக் கரண்ட் இல்லை. போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் எண்டாலும் அளந்துதான் ஊத்துவம். அப்ப எல்லாத்துக்கும் பறுவத்தைத்தான் எண்ணிக்கொண்டு இருந்தனாங்கள். சூடடிப்பு நிலவுக்கு, கூத்துப் பழக்கம் நிலவுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஆளைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போறதும் நிலவு இருந்தால் பாதிப் பயம் இல்லை. வற்றாப்பளை அம்மன்ர வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையில இருந்து நடந்து போற சனத்துக்கு டோர்ச் எதுக்கு? களவெட்டியில சூட்டைப் பிரிச்சுப் போட்டு, மாட்டை வளைய விட்டு, பொலி தூத்தி முடிக்க நிலவு மேற்கால சாஞ்சிடும். நெல்லு மணி ஒண்டொண்டா வைக்கலுக்க தெரியும் அந்த வெளிச்சத்தில. இப்பத்தப் பொடியளுக்குச் சொன்னால் நம்பமாட்டினம்.

வெளிச்சம் வேண்டாம் எண்டு நினைச்ச இராத்திரிகளும் இருந்தது. அது வேற கதை, இதில எழுதேல்லை.

அலைகரையான் தம்பியிட்ட ஒரு கேள்வி. பறுவத்துக்குக் கடலுக்குப் போனால் மீன் படாது எண்டு சொல்லுறாங்களே, கிரகணத்துக்குப் படுமோ?

அலைகரையான் (முல்லைத்தீவு):

ஐயா, நிலவு காலத்தில வலை தண்ணிக்க மினுங்கும், மீன் கண்டு விலகும் எண்டுதான் எங்கட அப்பு சொல்லுறவர். பறுவத்தை ஒட்டி எங்கட கரையில கன வள்ளம் ஏத்தித்தான் கிடக்கும். இருட்டுக் காலம்தான் எங்களுக்குக் காசு. அரை மணித்தியாலக் கிரகணத்தை நம்பி ஆரும் வலை இறக்கினதை நான் காணேல்லை, எரிபொருள் விக்கிற விலைக்கு அது கட்டாது. நீரோட்டம் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் பலக்கும், அது கிரகணம் இருந்தாலும் இல்லாட்டியும் அப்பிடித்தான்.

டிசம்பர் 24 பற்றிப் படப்பெட்டித் தம்பி சொன்னது சரி. வாடைக்காத்துக் காலம், இஞ்ச கடலும் பொங்கும், வானமும் திறக்காது. 2016 நவம்பர் 14இல வந்தது 1948க்குப் பிறகு ஆகக் கிட்டடியில வந்த பறுவம் எண்டு உலகமே கொண்டாடினது, எங்கட மாரிகாலத்தில அதுகளை வைச்சு என்ன செய்யிறது! மாசி, பங்குனிதான் எங்கட வானம்.

காட்டுக்கரைப் பிள்ளை (மல்லாவி):

எல்லாருக்கும் கனக்க நன்றி. இண்டைக்குப் பின்னேரமே குளக்கட்டுக்குப் போய்ப் பாத்தனாங்கள். மகன் கை நீட்டி விரல் வைச்சு அளந்தான். சிவன் கோயில் பக்கம் நிண்டால் அக்கரை மரம் ஒரு விரல்தான் வருது, இன்னும் கொஞ்சம் அங்கால போனால் ரெண்டரை. அதால கோயில் பக்கம்தான் நிக்கப் போறம்.

அக்கா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். தண்ணிக்குச் சம்மதிச்சிட்டா. சோறு மூண்டு மணிக்கு முதல் சாப்பிட்டிட வேணுமாம், பிறகு நிலவு விட்டாப் பிறகுதான் அடுப்பு மூட்டுவாவாம். 6.47 தானே, அது பறவாயில்லை. தங்கச்சி தானும் வாறன் எண்டு நிக்கிறாள், அம்மாவோட அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியேல்லை.

அண்ணை, ஒரு கேள்வி மகன் கேக்கச் சொன்னவன்: அண்டைக்கு முகில் போட்டிட்டால் திரும்ப எப்ப?

அலைகரையான் (முல்லைத்தீவு):

முழுக் கிரகணம் எண்டால் 2028 டிசம்பர் 31, இராத்திரி பத்தரைக்குக் கிட்ட உச்சம். அதுக்கு முதல் 2028 யூலை 6 நடுச்சாமத்தில ஒரு துண்டுக் கிரகணமும் இருக்கு. அப்ப அவன் எட்டாம் வகுப்பு, எழுப்பாட்டி இனி உங்களை விடமாட்டான். டிசம்பருக்கு மழை பெய்யாமல் இருக்க அம்மாவை நேத்தி வைக்கச் சொல்லுங்கோ.

கோயில் பக்கம் நிக்கிறதெண்டால் 6 மணிக்கே போய்ச் சேருங்கோ. நுளம்புக்கு ஏதும் பூசிக்கொண்டு போங்கோ, குளக்கட்டில மைம்மலுக்கு அதுகள் தூக்கிக்கொண்டு போயிடும்.